முன்சீட்டில் தும்ரு நாக்

ஜமோலி பள்ளத்தாக்கின் தும்ரு நாக் சாமி, தசராத் திருவிழா தொடங்குகிற நாள் காலையில், போலீஸ் காவல் போட்டிருந்த தன் கூடாரத்தை விட்டுப் புறப்பட்டு, வெள்ளி முகங்களும் சிவப்புப் பட்டும் தலைக்கு மேல் குடையுமாக, தூக்க ஓர் ஆள்கூட இல்லாமல் பல்லக்கோடு தானே ரோட்டில் நடந்து வந்து, ஆப்பிள் பெட்டி ஏற்றிய லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, டீக்கடை ஓரம் தமிழில் பேனர் கட்டி நின்றிருந்த டூர் பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டபோது, உள்ளே இருந்த சாலைப்பனையூர்க்காரர்கள் கேட்ட முதல் கேள்வி சாமி எப்படி நடந்து வந்தது என்பதல்ல. முன்சீட்டை அதற்கு யார் கொடுத்தது என்பது.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. சண்டிகரில் ரயிலை விட்டு இறங்கி பஸ்ஸில் ஏறியதிலிருந்து அந்த முன்சீட்டு காலியாகவே வந்துகொண்டிருந்தது. அதைக் காலியாக வைத்திருக்க டூர் மேனேஜர் கதிர்வேல் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இரும்புக்கடை பரமசிவன் அதில் உட்கார்ந்தால் மாவுமில் பெரியநாயகம் இப்படியே ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்றார். பெரியநாயகம் உட்கார்ந்தால் பரமசிவன் பஸ்ஸுக்கு முன்னால் படுத்துக்கொள்வேன் என்றார். இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள், அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். ஊரில் முப்பிடாதி அம்மன் தேருக்கு வலது வடத்தை முதலில் தொடுவது யார் என்று அவர்களுக்குள் வந்த தகராறில் தேர் நின்றுபோய், தகரக் கொட்டகைக்குள் அதிகாரிகள் அதைப் பூட்டி வைத்து, சக்கரத்தடியில் ஆடுகள் குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் குட்டி போட்டுவிட்டன. இடது வடம் என்று ஒன்று இருப்பதையே இருவரும் ஒத்துக்கொள்வதில்லை. ஒருவர் இமயமலைக்குப் போகிறார் என்று தெரிந்ததும் மற்றவர், எனக்கு முந்தி அவன் பனியைப் பார்த்துவிடுவானா என்று அதே டூரில் சேர்ந்துவிட்டார். கதிர்வேல் கடைசியில் சமையல்காரரின் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து முன்சீட்டில் வைத்து, "ஏனுங்க, இது ஜாடியோட சீட்டுங்க, ஜாடி எந்தக் கட்சியுமில்லீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தார். தும்ரு நாக் அந்த ஜாடியை அலுங்காமல் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தது.

பல்லக்கின் நீண்ட கம்புகள் இரண்டும் சீட்டுகளுக்கு நடுவே கடைசி வரிசை வரை நீண்டுகிடக்க, அவற்றைத் தாண்டித் தாண்டி முதலில் ஓடி வந்தவள் பரமசிவனின் மகள் இசக்கி. பத்தாம் வகுப்பு, காலாண்டு லீவு. அவள் தொண்டைக்குள் ஒரு தெருவே குடியிருந்தது: பால்காரர், பஸ் கண்டக்டர், ஹெட்மாஸ்டர், மைக்செட்காரர், தும்முகிற போஸ்ட்மேன், எல்லாரும் கூப்பிட்டால் வெளியே வருவார்கள். முந்தின நாள் ஓட்டல் வராந்தாவில் கதிர்வேல் குரலில், "எந்திரிங்க எந்திரிங்க, வண்டி கெளம்பிருச்சுங்க" என்று அவள் ஒரு சத்தம் கொடுக்க, நாற்பது பேர் குல்லாவும் கம்பளியுமாக விடிவதற்கு முன்பே வாசலில் வந்து நின்று கதிர்வேலை எழுப்பினார்கள்.

இந்தச் சேட்டையெல்லாம் அவள் செய்தது ஒரு சிரிப்புக்காக. பெரியநாயகத்தின் மகள் பூரணம் சிரித்தால் விக்கல் எடுப்பது போலிருக்கும். ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவர்களைத் தேர்த் தகராறு பிரித்து வேறு வேறு பெஞ்சில் உட்காரவைத்தது; பேசக் கூடாது, பார்க்கக் கூடாது. அது போதாதென்று, லீவு முடிந்ததும் பூரணத்தை நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக பெரியநாயகம் முடிவு செய்துவிட்டார். "அந்த ஆளு மக படிக்க எடத்துல எம்மக படிக்க வேண்டாம்." அதனால் இந்தப் பயணம் முடியும்வரைதான் இசக்கிக்கு அந்த விக்கல். அவள் முன்னால் இருந்து ஒவ்வொரு குரலாக வீச, கடைசி வரிசையிலிருந்து அடக்க முடியாமல் ஒரு விக்கல் வரும். அது வந்தால் அவளுக்கு அன்றைய பொழுது போதும்.

சாமிக்குப் பின்னாலேயே மூச்சிரைக்க மணியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து ஏறினார் அதன் சாமியாடி தேவிராம். சாமி பேச நினைத்தால் அவர் உடம்பு நடுங்கும், தொப்பி கீழே விழும், மூக்கிலிருந்து ஒரு குரல் வரும். இப்போதும் வந்தது, ஆனால் இந்தியில். அந்த பஸ்ஸில் இந்தி தெரிந்தது ஒரே ஆளுக்கு. அப்பா கடைக்கு ஆணி வாங்க வருகிற, ஊரில் டைல்ஸ் ஒட்டுகிற பீகார் அண்ணன்மாரிடம் வம்பளந்தே இசக்கி இந்தி படித்திருந்தாள்.

"என்னட்டி சொல்லுதாரு?" என்றார் பரமசிவன்.

இசக்கி தலையை ஆட்டி, உடம்பை நடுக்கி, அதே மூக்குக் குரலில் தமிழில் இறக்கினாள்: "நானும் எங்க அண்ணன் பாகி நாக்கும் பெரிய சாமிக்கு வலப்பக்கம் யாரு உக்காருததுன்னு சண்டை போட்டோம்னு, வருசா வருசம் தசராவுக்கு ரெண்டு பேரையும் ஆளுக்கொரு கூடாரத்துல வச்சு போலீசைக் காவல் போடுதாங்க. மேளச் சத்தம் கேக்கும், ராட்டினச் சத்தம் கேக்கும், ஒண்ணையும் பாக்க முடியாது. எங்கெங்கேயோ இருந்து சனங்க எம் பள்ளத்தாக்கைப் பாக்க வருது. நான் இன்னும் பாக்கல. இந்த பஸ்ல ஒரு முன்சீட்டு யாரும் போட்டி போடாம சும்மா கெடந்துச்சு. ஏறிட்டேன்."

"சும்மா கெடந்துச்சா?" என்று முன்னாலிருந்து பரமசிவனும் பின்னாலிருந்து பெரியநாயகமும் ஒரே நேரத்தில் கேட்டார்கள், ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்ட வெட்கத்தில் ஆளுக்கொரு சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு விக்கல் வந்தது.

பஸ் புறப்பட்டது. சாமி வந்ததால் டூர் திட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை என்று கதிர்வேல் மைக்கில் அறிவித்தார். அவருக்கு இருந்த கவலை வேறு. "சாமிக்குத் தனி ரூமா, இல்ல சேர்ந்து தங்கிக்குமுங்களா? ரசம் சாப்டுமுங்களா?" பல்லக்கு முன்னால் சாய்ந்தால் ஆமாம், பின்னால் சாய்ந்தால் இல்லை என்றார் தேவிராம். ரசத்துக்கு அது நெற்றி தரையில் முட்டும் அளவுக்கு முன்னால் சாய்ந்தது.

அன்று முதல் தும்ரு நாக், மற்றவர்கள் பார்த்ததையெல்லாம் பார்த்தது, மற்றவர்கள் ஏமாந்த இடத்திலெல்லாம் ஏமாந்தது. பனி பார்க்கிற இடத்தில், பனிக்கும் தனக்கும் ஆதிகாலத்துச் சொந்தம் என்பதை மறந்து, வாடகைக்கு விடுகிற முடி வைத்த கோட்டை வாங்கிப் பட்டின் மேல் போட்டுக்கொண்டது. ரப்பர் பூட்ஸையும் விடவில்லை, காலில்லாததால் கம்பு நுனிகளில் மாட்டிக்கொண்டது. வெள்ளை முயலை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டது. சால்வைக் கடையில் கடைக்காரன் ஒவ்வொன்றாக விரித்து, இது மோதிரத்துக்குள் நுழையும் என்று சத்தியம் செய்ய, ஆயிரம் வருஷமாக அதே பள்ளத்தாக்கில் ஆடுகளைக் காத்துவருகிற அந்தச் சாமி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. தன்னுடைய கோயிலுக்கே மற்றவர்களோடு வரிசையில் நின்று போய், உள்ளே யாரும் இல்லாததைப் பார்த்து, எல்லாரையும் போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

பள்ளத்தாக்கும் இதற்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. கூடாரத்தைக் காக்க வேண்டிய போலீஸ்காரர், தன் வேலை சாமியைக் காப்பது, கூடாரத்தை அல்ல என்று மோட்டார் சைக்கிளில் பஸ்ஸைத் தொடர்ந்து வந்து மூன்று வேளையும் சாம்பார் சாப்பிட்டார். டீக்கடைகளில், தும்ரு நாக் எங்கே என்று கேட்டால், அது வெளியூர் கிளம்பியிருக்கிறது, உள்ளூரில்தான் என்று பதில் சொன்னார்கள். ஓட்டல்காரர்கள் இங்கேதான் சாமி தங்கியது என்று போட்டி போட்டு பலகை எழுதினார்கள், தங்காத ஓட்டல்கள் சற்றுப் பெரிய எழுத்தில். மேல்கிராமத்துச் சின்னச் சாமிகள் இரண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று பலகைகளைப் படித்துக்கொண்டிருந்ததாகவும் கேள்வி.

சாலைப்பனையூர்க்காரர்களோ இன்னும் வேகம். முதல் நாள் வெறும் சாமியாக இருந்தது, இரண்டாம் நாள் நம்ம சாமி ஆனது, மூன்றாம் நாள் இசக்கியின் அம்மா உலகம்மாள் அதற்குச் சந்தனம் அப்பி, "மூஞ்சியப் பாத்தாலே நம்ம பக்கத்து சாடை தெரியல?" என்றாள். கடைசி நாள் காலையில், ஊருக்குத் திரும்புவதற்கு முன் சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் படைப்பது என்று முடிவாயிற்று. பொங்கல் பொங்கியது, சூடம் கொளுத்தியாயிற்று, தட்டைக் கையில் எடுத்த சமையல்காரர் வாய் தவறி, "முதல் தட்டு யாருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

பரமசிவன் துண்டை எடுத்துத் தலையில் தானே பரிவட்டமாகக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "அந்த ஆளுக்குச் சொல்லுங்க. எனக்கு வரவேண்டிய சீட்டுலதான் சாமி உக்காந்திருக்கு. அப்ப அது யாரு விருந்தாளி?"

பெரியநாயகம் வந்த இடத்தில் வாங்கிய பூப்போட்ட தொப்பியின் மேலேயே துண்டைக் கட்டினார். "இந்தப் பக்கம் சொல்லுங்க. சாமி ஏறுனதும் ஊறுகாய் ஜாடிய எந்தப் பக்கமா எறக்குச்சு? எம் பக்கமாத்தான எறக்குச்சு? கண்ணால பாத்தேம்."

"ஜாடிய எறக்குனா முதல் மரியாதையான்னு கேளுங்க."

"ஆமாம்னு சொல்லுங்க."

பொங்கல் ஆறியது. ஊரில் நடந்ததெல்லாம் பனிமலை அடிவாரத்தில் ஒரு வரி பிசகாமல் திரும்ப நடந்தது. தட்டு நடுவிலேயே நின்றது, சாமி யாருக்கும் முதலாகக் கிடைக்காமல் பஸ்ஸில் ஏறியது. பூரணம் இசக்கியைப் பார்க்காமல் பின்னால் போய் உட்கார்ந்தாள். இன்றைக்கு ராத்திரி ரயில், அடுத்தது நாமக்கல். இசக்கி போஸ்ட்மேன் தும்மலைத் தும்மிப் பார்த்தாள். விக்கல் வரவில்லை.

ஆற்றுப் பாலத்தின் நடுவில் வந்ததும் பஸ் கனத்தது. என்ஜின் ஓடுகிறது, பிரேக் போடவில்லை, பஸ் மட்டும் போகவில்லை. சாமி கனத்துக்கொண்டே போக, டயர்கள் எல்லாம் ஆப்பம் மாதிரி அமுங்கின. ஆண்கள் எல்லாம் இறங்கித் தள்ளினார்கள். ஓர் அங்குலம் நகரவில்லை. பல்லக்கு மட்டும் தானாக இறங்கிப் பாலத்து நடுவில், கோட்டும் பூட்ஸுமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

தேவிராம் நடுங்கினார். தொப்பி விழுந்தது.

"என்ன சொல்லுதுட்டி?"

இசக்கி இந்தத் தடவை குரலை மாற்றவில்லை. "எதை விட்டு ஓடி வந்தேனோ அது அதே பஸ்ஸுல டிக்கெட் வாங்கி வந்திருக்கு, நான் இனி எங்கயும் வரலன்னு சொல்லுது."

கதிர்வேல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரயிலுங்க..." என்று ஆரம்பித்தார்.

அப்போது பாலத்தின் எதிர்முனையில் மேளம் கேட்டது. நீளக் கொம்புகள் ஊத, நாலு பேர் தோளில் வந்துகொண்டிருந்தது பாகி நாக். தூக்கி வந்தவர்கள் சொன்னதை இசக்கி சொன்னாள்: இந்த வருஷம் எதிர்க்க ஆளில்லாததால் பாகி நாக்குக்கே வலப்பக்கம் கிடைத்துவிட்டதாம். அது போய் உட்கார்ந்ததாம். முறைப்பதற்கு இடப்பக்கத்தில் ஒருவரும் இல்லையாம். கொஞ்சம் நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வலப்பக்கம் வலப்பக்கம் மாதிரியே இல்லை என்று எழுந்து, தம்பியைத் தேடிக்கொண்டு வந்துவிட்டதாம்.

"பாவம்" என்றாள் உலகம்மாள்.

இரண்டு சாமிகள் சந்தித்தால் நெற்றியோடு நெற்றி முட்டிக் கும்பிட வேண்டும். ஊர் சுற்றுவதற்குச் சாமிக்கு ஆள் வேண்டாம். இன்னொரு சாமியைக் கும்பிடுவதற்கு மட்டும் நாலு மனிதத் தோள் வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். தும்ரு நாக்கைத் தூக்குகிறவர்கள் திருவிழாத் திடலில் இருந்தார்கள். கம்புகளின் பின்நுனி ஒன்றில் தேவிராம் நின்றார், இன்னொன்றைக் கதிர்வேல், "ரயிலுக்காகத் தூக்கறனுங்க" என்று பிடித்தார். முன்நுனிகள் இரண்டும் காலி.

இசக்கி கடைசி வரிசைச் சன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் பூரணம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இசக்கி பின்னலை அவிழ்த்தாள், தலையை ஒரு உலுக்கு உலுக்கினாள், பாலத்துக் கம்பிகள் அதிரும்படி மூக்குக் குரலை எடுத்தாள்: "முன்கம்புக்குச் சாலைப்பனையூர் ஆளுங்க வரணும்! இரும்புக்கடை ஒண்ணு! மாவுமில் ஒண்ணு! வேற ஆள் தொட்டா எந்திரிக்க மாட்டேன்!"

தேவிராம் திகைத்துப்போய், "நான் வாயையே திறக்கலையே, பாப்பா" என்றார் இந்தியில்.

"என்ன சொல்லுதாரு?" என்று பதறினார் பரமசிவன்.

"சீக்கிரம்னு சொல்லுதாரு" என்றாள் இசக்கி.

ரெண்டு பேரும் ஓடினார்கள். ஓடி, ரெண்டு பேரும் வலது கம்பைப் பிடித்தார்கள்.

அதற்காகத்தான் காத்திருந்தது போலப் பல்லக்கு எழுந்தது. ஒரு குலுக்கலில் வலது கம்பைப் பரமசிவன் தோளிலும் இடது கம்பைப் பெரியநாயகம் தோளிலும் வைத்தது. "நான் இடப்பக்கமா?" என்று பெரியநாயகம் வாயைத் திறக்கும்போதே சாமி ஒரு சுற்றுச் சுற்றியது, பாகி நாக்குக்கு முன்னால் பெரியநாயகம் வலப்பக்கம் வந்தார், பரமசிவன் இடப்பக்கம் போனார். பரமசிவன் வாயைத் திறந்தார். சாமி இன்னொரு சுற்றுச் சுற்றியது. அவர் வலம், இவர் இடம். இவர் வலம், அவர் இடம். கொம்புகள் வேகம் பிடித்தன, மேளம் வேகம் பிடித்தது, கோட்டின் முடிகள் பறந்தன, ரப்பர் பூட்ஸ் ஒன்று ஆற்றில் போய் விழுந்தது, ஆறும் மலையும் ஆப்பிள் மரங்களும் சமையல்காரரும் பச்சை வெள்ளைக் கோடாகச் சுழல, வலம் எது இடம் எது என்று சொல்ல அந்தப் பாலத்தில் ஒருவராலும் முடியவில்லை. கீழே விழாமலிருக்க ஆளுக்கொரு கையால் மற்றவர் இடுப்பு வேட்டியைப் பற்றிக்கொண்டார்கள்.

"எல, விட்டுராத! புடி!" என்று கத்தினார் பரமசிவன்.

"புடிச்சிட்டுதாம்ல இருக்கேன்! நீ என் கால மிதிக்காத!"

அத்தனை வருஷத்தில் நடுவில் ஆள் வைக்காமல் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவைதான்.

சுற்றல் நின்றதும் பல்லக்குகள் இரண்டும் நெற்றி முட்டின. தும்ரு நாக் பாகி நாக்கின் காதோரம் எதையோ சொன்னது. பனியைப் பற்றித்தான் இருக்கும். பிறகு இரண்டும் சேர்ந்து திருவிழாத் திடலைப் பார்க்க நடந்தன, நடந்துகொண்டே, யார் முந்தி நுழைவது என்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. போலீஸ்காரர் பெருமூச்சு விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். "கோட்டு!" என்று கத்திக்கொண்டு கொஞ்சம் தூரம் ஓடிய கதிர்வேல் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

தலைசுற்றலில் நிற்க முடியாத இருவரையும் வேறு வேறு சன்னலுக்குப் பிரித்துக் கொண்டுபோக யாருக்கும் தெம்பில்லாததால் கடைசி சீட்டில் சேர்த்துச் சாய்த்தார்கள். டயர்கள் நிமிர்ந்தன, பஸ் புறப்பட்டது. முதல் வளைவிலேயே அங்கே குரல் எழுந்தது.

"பாரம் முழுக்க எந்தோள்லதான் இருந்துச்சு" என்றார் பெரியநாயகம்.

"ஒந்தோளா? கம்பு ஒந்தோள்ல பட்டுச்சா?"

"ஊருக்கு வா. தேர வெளிய எடு. வலது வடத்த யாரு மொதல்ல தொடுதான்னு பாத்திருவோம்."

"எடு. கொட்டாயத் தொறக்கச் சொல்லி போய் எறங்குன அன்னைக்கே நான் எழுதிக் குடுக்கேன். நீ குடுப்பியா?"

"ஒனக்கு முந்திக் குடுப்பேம்ல!"

பெரியநாயகம் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். "எம்மவ நாமக்கல்லுக்குப் போகப் போறதில்ல, தெரிஞ்சுக்கோ. அனுப்புனா நான் பயந்து ஓடிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவ. இங்கனயேதான் படிப்பா. ஒம்மவ இருக்க அதே வகுப்புல, அதே பெஞ்சுல இருந்து ஒம்மவளுக்கு மேல மார்க் வாங்குவா."

"வாங்கட்டும் பாப்பம்! அதே பெஞ்சுல வாங்கட்டும்!"

முன்சீட்டு காலியாக வந்துகொண்டிருந்தது. கதிர்வேல் பழக்கத்தில் ஊறுகாய் ஜாடியை எடுத்தார்; இசக்கி அதை அவர் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துப் பிடித்து வந்த பூரணம் அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டு நூல் ஒன்றும் சந்தனப் பொடியும் சீட்டில் கிடந்தன.

"ஏட்டி, சாமி நெசமாவே அவங்க ரெண்டு பேரையும் கூப்டுச்சா?"

இசக்கி கடைசி சீட்டுப் பக்கம் தலையைத் திருப்பி, கண்ணை உருட்டி, அப்பாவின் குரலை எடுத்தாள்: "கம்பு ஒந்தோள்ல பட்டுச்சான்னேன்!"

பூரணம் வாயைப் பொத்தினாள், விக்கினாள், மறுபடி விக்கினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, இத்தனை வருஷமும் அவள் வாயிலிருந்து யாரும் கேட்டிராத, மாவுமில் மிஷின் ஓடுவது போன்ற கரகரப்பில், அசல் பெரியநாயகமாகவே கேட்டாள்: "பின்ன? ஒந்தோள்லயா பட்டுச்சு?"

இசக்கி விடாமல் அப்பாவின் குரலிலேயே பதில் கொடுத்தாள். சண்டிகர் வந்து சேரும்வரை அப்படியே போயிற்று: கடைசி சீட்டில் அடுத்து வரவேண்டிய வசவு முன்சீட்டில் ஒரு வளைவுக்கு முன்பே வந்துவிடும், முன்சீட்டில் வந்தது கடைசி சீட்டில் பிசகாமல் திரும்ப வரும், தமிழ் தெரியாத டிரைவர் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே சண்டையைக் கேட்டு, இந்த ஊர்க்காரர்களுக்கு எதிரொலி முந்தி வந்துவிடும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அடித்துக்கொண்டு மலையிறங்கினான்.